நீமன்-பிக் சி நோயில் மையலின் குறைபாடு: சரிசெய்ய மருந்து உண்டா?

தாய்மாமன் ஒருவர் அனுப்பிய கேள்வியை, அவர் சொன்னபடியே முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு எட்டு வயது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் அடைபடும் நீமன்-பிக் சி என்ற மரபணு நோய் சோதனையில் உறுதியாகி, மிக்லஸ்டாட் கேப்சூல் சாப்பிட்டுவருகிறான். அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மூளையில் கார்பஸ் கலோசம் என்ற இணைப்புப் பட்டை மெலிந்திருப்பதாகவும், நரம்பு இழைகள் ஓடும் வெண்பொருளில் அந்த இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்புப் படலம் குறைவாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். மையலினை மறுபடி வளரவைக்கும் மருந்து உண்டா? க்ளெமாஸ்டின் என்ற ஒவ்வாமை மாத்திரை உதவும் என்கிறார்களே, கொடுக்கலாமா? உணவில் கொலஸ்ட்ராலைக் கூட்டுவதா, குறைப்பதா? ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்று ஓரிடத்தில் கூப்பிடுகிறார்கள், போகலாமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, பையனுக்கு ஐந்து மாதத்தில் ஒரு தங்கை இருப்பதைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார்.

நான் நரம்பு உயிரியல் ஆய்வில் இருப்பவன். மூளைக்குள் கொழுப்புகள் எப்படி உருவாகி, எப்படிப் போய்வருகின்றன என்பதுதான் என் துறை. மருத்துவர் அல்ல. ஆகவே இங்கே சொல்வதை வைத்து மருந்தை மாற்றாமல், குழந்தையைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடமும் மரபியல் மருத்துவரிடமும் பேசுவதற்குப் பயன்படுத்துங்கள்.

நேரடியாகச் சொன்னால், இந்த நோயில் மையலினை மட்டும் குறிவைத்து வளர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களில் ஒழுங்காக உருவான மையலின் பிறகு தாக்கப்பட்டு அழிகிறது. நீமன்-பிக் சி நோயில், குறிப்பாகச் சின்ன வயதில் தொடங்கும்போது, மையலின் முழுதாக உருவாவதே தடைப்படுகிறது. அதை உருவாக்கவேண்டிய செல்லுக்குக் கொலஸ்ட்ரால் கிடைக்கும் வழியிலேயே கோளாறு. எனவே மையலினைத் தூண்டும் மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தக் கோளாறைத் தொடாமல் தனியாகக் கொடுத்தால் பெரிதாக எதையும் செய்யும் என்று நான் நம்பவில்லை. கீழே எழுதுவதெல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

இந்த நோயில் பழுதாவது பெரும்பாலும் என்.பி.சி.1 என்ற மரபணு. நோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இதுதான் காரணம். மீதிப் பேருக்கு என்.பி.சி.2. முதலாவது 1997 இலும் இரண்டாவது 2000 இலும் கண்டறியப்பட்டன. ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் வரும் அரிய நோய் இது. வெளியிலிருந்து செல்லுக்குள் வரும் கொலஸ்ட்ரால் முதலில் லைசோசோம் என்ற சின்னப் பைக்குப் போய்ச் சேரும். அங்கே என்.பி.சி.2 புரதம் அதை ஏந்திக் கொண்டுபோய், பையின் சுவரில் பதிந்திருக்கும் என்.பி.சி.1 புரதத்திடம் ஒப்படைக்கும். அதன் வழியாகத்தான் கொலஸ்ட்ரால் வெளியேறி, செல்லுக்குத் தேவையான இடங்களுக்குப் போகும். இந்த இரண்டில் ஒன்று வேலைசெய்யாவிட்டால் கொலஸ்ட்ரால் பைக்குள்ளேயே அடைந்துவிடும். கிடங்கு நிறைய அரிசி மூட்டை இருந்தும் சாவி இல்லாததால் வீட்டில் உலை ஏறாத நிலை இது. தேங்குவது ஒரு கேடு என்றால், தேவைப்படும் இடத்துக்குக் கிடைக்காமல் போவது இன்னொரு கேடு. மையலின் விஷயத்தில் இந்த இரண்டாவதுதான் பெரிது.

நோயாளியின் தோலிலிருந்து வளர்த்த செல்களுக்கு ஃபிலிபின் என்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். ஆரோக்கியமான செல்லில் சாயம் மங்கலாகப் பரவியிருக்கும். நோயுற்ற செல்லில் கருவைச் சுற்றி நீல மணிகள் கொத்துக் கொத்தாக ஒளிரும். ஒவ்வொரு மணியும் கொலஸ்ட்ரால் அடைந்துகிடக்கும் ஒரு லைசோசோம். பல ஆண்டுகள் இந்த நோயை உறுதிசெய்ய இந்தச் சோதனையைத்தான் நம்பியிருந்தார்கள்.

இனி மூளைக்கு வருவோம். உடல் எடையில் மூளையின் பங்கு இரண்டு விழுக்காடுதான். ஆனால் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் 20 முதல் 25 விழுக்காடு அதில் இருக்கிறது. அதில் 70 முதல் 80 விழுக்காடு இருக்குமிடம் மையலின். நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து, சமிக்ஞை வேகமாகப் போக வழிசெய்யும் கொழுப்புப் படலம்தான் மையலின். இதைச் சுற்றித் தருவது ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல். ஒரு செல்லே பல ஆக்சான்களுக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள ஆய்வுக்குழு 2005 இல் ஒன்றை நிறுவியது. கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்க முடியாதபடி இந்தச் செல்களை மாற்றியபோது, எலிகளில் மையலின் உருவாகும் வேகமே படுத்துவிட்டது. மற்ற பொருள்கள் இருந்தும் பயனில்லை. எவ்வளவு மையலின் உருவாகும் என்பதைக் கொலஸ்ட்ரால் கிடைக்கும் அளவே முடிவுசெய்தது.

இந்த நோயில் பலரையும் குழப்பும் ஓர் உண்மை உண்டு. பெயர் கொலஸ்ட்ரால் தேங்கும் நோய். ஆனால் நோயுற்ற எலியின் முழு மூளையையும் எடுத்து மொத்தக் கொலஸ்ட்ராலை அளந்தால், வயது ஏற ஏற அது ஆரோக்கியமான எலியினுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். நரம்பணுக்களுக்குள் தேங்கியிருப்பது உண்மைதான். ஆனால் மையலினில் இருந்திருக்க வேண்டிய கொலஸ்ட்ரால் இல்லாமல் போனதன் அளவு அதைவிடப் பெரியது. கூட்டிக் கழித்தால் மொத்தத்தில் குறைகிறது.

லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ என்று ஒரு சாயம் இருக்கிறது, மையலினைப் பிடித்து நீலமாகக் காட்டும். நான்கு வார வயதுள்ள ஆரோக்கியமான எலியின் மூளைச் சீவலில், இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் அடர்நீலப் பட்டையாகக் குறுக்கே ஓடும். என்.பி.சி.1 இல்லாத எலியில் அதே இடத்தில் பட்டையின் வடிவம் இருக்கும், நீலம் வெளிறியிருக்கும். ஆனால் அதே எலியின் முதுகுத்தண்டு ஓரளவு நன்றாகவே சாயம் ஏறியிருக்கும். முதலில் மையலின் பெறும் பகுதிகள் ஒருவாறு தப்பிக்கின்றன; தாமதமாகப் பெறும் முன்மூளைப் பகுதிகள்தான் அதிகம் அடிபடுகின்றன. உங்கள் பையனின் அறிக்கையில் கார்பஸ் கலோசம் என்ற பெயர் வந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பெரியவர்களிடம் செய்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளிலும் இதே பட்டை சுருங்கியிருந்தது, நோயின் தீவிரத்தோடு அது ஒத்துப்போனது.

தடை எங்கே விழுகிறது? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ லீபர்மனின் ஆய்வகம் 2013 இல் வெளியிட்ட வேலை இதில் திருப்பம் என்று நினைக்கிறேன். ஒரு வகை எலியில் நரம்பணுக்களில் மட்டும் என்.பி.சி.1 மரபணுவை நீக்கினார்கள், ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளைத் தொடவில்லை. அப்படியிருந்தும் அவை முதிராமல் நின்றுவிட்டன, மையலின் குறைந்தது. நோயுற்ற நரம்பணுவோடு சேர்ந்திருக்கும்போது, மையலின் செல் முதிர்வதற்கு உள்ளே இயங்கவேண்டிய ஃபின் என்ற நொதி போதிய அளவு தூண்டப்படவில்லை. இன்னொரு வகை எலியில் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளில் மட்டும் நீக்கினார்கள். அங்கே முதலில் முன்மூளையில் மையலின் உருவாவது தடைப்பட்டது. வயதானபின் உருவானதும் சிதைந்து, நடை தடுமாறி, கடைசியில் சிறுமூளையின் பர்க்கின்ஜி நரம்பணுக்களும் சாகத் தொடங்கின.

இதிலிருந்து தெரிவது, மையலினுக்கு இரு பக்கமும் என்.பி.சி.1 வேண்டும். நரம்பணு சமிக்ஞை தரவேண்டும், மையலின் செல்லுக்குச் சரக்கு கிடைக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான். இதே ஆய்வகம் 2023 இல் இன்னொன்றையும் காட்டியது. என்.பி.சி.1 இல்லாதபோது மையலின் செல்களின் முன்னோடிகளில், எந்த மரபணு எப்போது இயங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் ஹிஸ்டோன் குறிகளே மாறிவிடுகின்றன. அதனால் செல் இளநிலையிலேயே தங்கிவிடுகிறது. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவிலும் மையலின் செல்களில் கோளாறு தெரிந்தது.

மூன்றாவதாக ஒரு பாத்திரம் உண்டு: மைக்ரோக்ளியா, மூளையின் துப்புரவு செல். மையலின் சிதைந்து விழும் துணுக்குகளை அது விழுங்கிச் செரித்து, கிடைக்கும் கொலஸ்ட்ராலை மறுபடி பயன்பாட்டுக்கு வெளியே தரவேண்டும். மியூனிக் குழு ஒன்று 2021 இல் காட்டியபடி, என்.பி.சி.1 இல்லாத மைக்ரோக்ளியா வழக்கத்தைவிட அதிகமாக மையலினை விழுங்குகிறது. ஆனால் உள்ளே போன கொழுப்பு வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது. மறுசுழற்சி நின்றதோடு, அழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

சரி, மருந்துகள். கையில் இருப்பவற்றை முதலில் பார்ப்போம். மிக்லஸ்டாட் 2009 இல் ஐரோப்பாவில் இந்த நோயின் நரம்பியல் பாதிப்புக்கு அங்கீகாரம் பெற்றது. கொலஸ்ட்ராலோடு சேர்ந்து தேங்கும் கிளைக்கோஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்புகளின் உற்பத்தியை அது குறைக்கிறது. கொலஸ்ட்ரால் அடைபட்டிருப்பதை நேரடியாகத் தொடுவதில்லை. நோயின் வேகத்தைத் தணிப்பதுதான் அதன் பலன், அந்தப் பலன் சிறியதல்ல; விழுங்கும் திறன் இன்னும் சில ஆண்டுகள் நிற்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கே தெரியும். வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் வந்தால் பால், இனிப்பு ஆகியவற்றைக் குறைத்துப் பார்க்கச் சொல்வார்கள். குடலில் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளையும் இந்த மருந்து தடுப்பதுதான் காரணம்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு மருந்துகள் அங்கீகாரம் பெற்றன. அரிமோக்ளமால் செப்டம்பர் 20 அன்று, மிக்லஸ்டாட்டோடு சேர்த்துக் கொடுக்க. லெவாசெட்டில்லியூசின் செப்டம்பர் 24 அன்று. இரண்டாவதன் ஆய்வில் 60 நோயாளிகள் 12 வாரம் மருந்தும் 12 வாரம் வெற்று மருந்தும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். தள்ளாட்டத்தை அளக்கும் 40 புள்ளி அளவுகோலில் மருந்துக் காலத்தில் சராசரியாக ஏறத்தாழ 2 புள்ளி முன்னேற்றம், வெற்று மருந்தில் 0.6 புள்ளி. நடையும் பேச்சும் சற்றுத் தெளிவாகலாம் என்பது இதன் பொருள். மையலின் வளர்ந்தது என்று பொருள் கொள்ள இதில் எதுவும் இல்லை. அதை அந்த ஆய்வு அளக்கவில்லை.

அரிமோக்ளமால், செல்லில் மற்றப் புரதங்களைப் பழுதாகாமல் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூட்டி, லைசோசோம் மரபணுக்களையும் தூண்டுகிறது. அதில் ஒரு பங்கு டி.எஃப்.இ.பி. என்ற புரதத்தின் குடும்பத்துக்கு உண்டு. ஆய்வகத்தில், மீன்களிலும் எலிகளிலும், மையலின் செல்களுக்குள் டி.எஃப்.இ.பி. அதிகமாக இயங்கினால் மையலின் உருவாவது தடைப்படுகிறது என்று 2018 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோயாளிகளிடம் அது பலன் தந்ததால்தான் அங்கீகாரம் கிடைத்தது. நான் இதைச் சொல்வது வேறு ஒன்றுக்காக. இந்த நோயின் பெரிய ஆய்வுகள் எல்லாம் நடை, பேச்சு, விழுங்குதல், கண் அசைவு இவற்றைத்தான் முதன்மையாக அளந்தன. மூளைக்குள் வெண்பொருளுக்கு என்ன ஆனது என்பதையும் நவீன எம்.ஆர்.ஐ. மூலம் கூடவே பார்த்திருக்கலாம். குழந்தைகளிடம் செய்யும் எந்தப் புதிய ஆய்விலும் அது கட்டாயம் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அடுத்தது சைக்ளோடெக்ஸ்ட்ரின். மையலின் கோணத்திலிருந்து பார்த்தால் இதுவரை வந்தவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவதும், அதிக வருத்தம் தருவதும் இதுதான். ஏழு குளுக்கோஸ் அலகுகள் வளையமாகச் சேர்ந்த சர்க்கரை மூலக்கூறு இது. நடுவில் உள்ள குழிக்குள் கொழுப்புப் பொருளை ஏந்திக்கொள்ளும். மருந்துகளைக் கரைக்கும் துணைப்பொருளாகத்தான் நெடுங்காலம் பயன்பட்டது. அலோபிரெக்னனலோன் என்ற ஸ்டீராய்டை நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் ஆயுள் கூடியதாக 2004 இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு நுணுகிப் பார்த்தால், பலனில் பெரும்பகுதி அந்த ஸ்டீராய்டைக் கரைக்கப் பயன்படுத்திய சைக்ளோடெக்ஸ்ட்ரினுடையது. 2009 இல், பிறந்த ஏழாம் நாளில் ஒரே ஒரு ஊசி போட்டதிலேயே அடைபட்ட கொலஸ்ட்ரால் லைசோசோமை விட்டு வெளியேறி, எலியின் ஆயுளும் கூடியது தெரியவந்தது. 2015 இல் பென்சில்வேனியாவின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் இயற்கையாகவே இந்த நோய் உள்ள பூனைகளுக்கு, அறிகுறி தோன்றும் முன்பே, மூளைத் திரவத்தில் இதைச் செலுத்தியபோது தள்ளாட்டம் வருவதையே தடுத்தார்கள். மேலே சொன்ன மிச்சிகன் ஆய்வின் ஹிஸ்டோன் குறிகளும், அடைபட்ட கொலஸ்ட்ராலை இந்த மருந்தால் விடுவித்தபோது திருந்தும் திசையில் நகர்ந்தன. மையலின் செல்லின் முதிர்ச்சி கொலஸ்ட்ரால் கிடைப்பதையே நம்பியிருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று இது.

மனிதர்களில் கதை வேறு மாதிரி போனது. ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குள் போதிய அளவு போகாது என்பதால் முதுகுத்தண்டுத் திரவத்தில் ஊசியாகக் கொடுத்தார்கள். 2017 இல் வெளியான முதல்கட்ட ஆய்வில் நோய் முன்னேறும் வேகம் குறைந்ததாகத் தெரிந்தது. கூடவே காது கேட்கும் திறனும் குறைந்தது. உள்காதின் வெளிப்புற ரோமச் செல்களை இந்த மருந்து பாதிக்கிறது. அடுத்த பெரிய ஆய்வில் ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. மருந்தைச் சோதித்துவந்த நிறுவனம் 2021 இல் அதைக் கைவிட்டது. மருந்தே பயனற்றது என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. பூனைகள் அறிகுறி வருமுன் மருந்து பெற்றன. ஆய்வில் சேர்ந்த குழந்தைகள் நோய் நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகு. மையலின் உருவாகும் காலம் கடந்தபின் கொலஸ்ட்ராலை விடுவிப்பதும், உருவாகும்போதே விடுவிப்பதும் ஒன்றல்ல.

இப்போது க்ளெமாஸ்டின். பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து இது. சான் பிரான்சிஸ்கோவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 50 பேரிடம் செய்து 2017 இல் வெளியான ஆய்வில், கண்ணிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை போகும் நேரம் ஒரு கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. சிறிய பலன், ஆனாலும் சேதமான மையலினை மருந்தால் ஓரளவு மீட்கலாம் என்பதற்கு மனிதரில் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று. நீங்கள் படித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பையனுக்கு இதை நான் ஏன் பரிந்துரைக்க மாட்டேன்? முதல் காரணம் அடிப்படையானது. ஒஹையோவில் உள்ள ஆய்வாளர்கள் 2018 இல் கண்டறிந்தபடி, மையலினைத் தூண்டுவதாகத் தெரிந்த மருந்துகளில் பல, செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையின் கடைசிப் படிகளில் உள்ள சில நொதிகளைத் தடுத்துத்தான் வேலைசெய்கின்றன. க்ளெமாஸ்டினும் அவற்றில் ஒன்று. வெளியிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் அடைபட்டுக் கிடக்கும் நோயில், செல் தன் சொந்தத் தயாரிப்பைத்தான் நம்பியிருக்கிறது. அந்தத் தயாரிப்பிலும் கைவைப்பது பாதுகாப்பானது என்று சொல்ல எந்த ஆய்வும் என் கண்ணில் படவில்லை. இரண்டாவது, க்ளெமாஸ்டின் போன்ற வேதி அமைப்புள்ள மருந்துகள் லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்து அங்கே கொழுப்பை மேலும் தேங்கவைக்கக் கூடியவை. மூன்றாவது நடைமுறை சார்ந்தது: தூக்கக் கலக்கம், வாய் உலர்வு, வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். விழுங்கவே சிரமப்படும் குழந்தைக்கு இவை சாதாரணப் பக்கவிளைவுகள் அல்ல. மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ரோமில் உள்ள தேசியச் சுகாதார ஆய்வு நிறுவனம், அடினோசின் ஏ2ஏ என்ற ஏற்பியைத் தூண்டினால், இந்த நோயின் தன்மையை ஆய்வகத்தில் உண்டாக்கிய மையலின் செல்கள் மறுபடி முதிர்வதாக 2019 இல் காட்டியது. அங்கே கொலஸ்ட்ரால் தேக்கமும் குறைந்ததால் இந்தப் பாதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது செல் வளர்ப்புத் தட்டில் கிடைத்த முடிவு. மனிதருக்கு வர வெகுதூரம் உண்டு.

உணவு பற்றி. கோட்டிங்கன் குழுவே 2012 இல், பெலிசேயஸ்-மெர்ஸ்பாக்கர் என்ற வேறொரு மையலின் நோயுள்ள எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் நிறைந்த உணவு கொடுத்து மையலினைக் கூட்டிக் காட்டியது. அதைப் படித்தவர்கள் இங்கேயும் முட்டை மஞ்சள் கருவைக் கூட்டலாமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நோயில் கொலஸ்ட்ரால் வெளியேறும் வழி சரியாக இருக்கிறது. இங்கே அந்த வழியே அடைபட்டிருக்கிறது. கூடுதலாகச் சாப்பிடுவது கல்லீரலிலும் மண்ணீரலிலும்தான் போய்ச் சேரும். மூளையோ உணவுக் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. எதிர்த்திசையிலும் அப்படித்தான்: கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரைகளைக் கொடுத்து 1993 இல் வெளியான ஆய்வில் கல்லீரலில் இருந்த கொலஸ்ட்ரால் குறைந்தது, நரம்பியல் நிலையில் பலன் தெரியவில்லை. ஆகவே நெய்யை நிறுத்துவதாலோ ஊற்றுவதாலோ மையலின் மாறாது. குழந்தையின் எடை குறையாமல், புரையேறாமல் சாப்பிடுவதுதான் முக்கியம். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறான் என்றால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கஞ்சி பதத்துக்குக் கெட்டியாக்கித் தருவது பல குழந்தைகளுக்கு நிமோனியாவைத் தள்ளிப்போடுகிறது.

மரபணு சிகிச்சைதான் நீண்டகாலத்தில் வேரைத் தொடும் வழி. என்.பி.சி.1 புரதத்தில் 1,278 அமினோ அமிலங்கள்; அதற்கான மரபணுக் குறியீடு ஏறத்தாழ 3.8 கிலோபேஸ், அதாவது 3,800 எழுத்து நீளம். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கப் பயன்படும் ஏ.ஏ.வி. என்ற வைரஸ் சுமக்கக்கூடியது 4.7 கிலோபேஸ் வரைதான் என்பதால் இடுக்கிப் பிடித்து உள்ளே வைக்க முடிகிறது. 2017 இல் வெளியான எலி ஆய்வில் இந்த வைரஸ் மூலம் மரபணுவைக் கொடுத்தபோது ஆயுள் கூடியது. நரம்பணுவில் மட்டும் இயங்கும்படி வைத்ததைவிட, எல்லாச் செல்களிலும் இயங்கும்படி வைத்ததே அதிகப் பலன் தந்தது. இரு பக்கமும் என்.பி.சி.1 வேண்டும் என்று மேலே எழுதியதை நினைத்துப் பாருங்கள். மூளைக்குள் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளைப் போய்ச் சேரும் வைரஸ் உறைகளை வடிவமைப்பதில் இப்போது பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். இந்த நோயின் வெண்பொருளுக்கு நல்ல காலம் வருமென்றால் இந்தத் திசையிலிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு.

ஸ்டெம் செல் ஊசி. தெளிவாகச் சொல்கிறேன், போகாதீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று என்.பி.சி.1 நோயில் நரம்பியல் பாதிப்பை நிறுத்துவதில்லை. என்.பி.சி.2 வகையில் மட்டும், அந்தப் புரதம் ஒரு செல்லிலிருந்து வெளியேறி இன்னொன்றுக்குப் போகக்கூடியது என்பதால், சிலருக்கு முயன்றிருக்கிறார்கள். மூளைக்குள்ளேயே நரம்பு ஸ்டெம் செல்களை வைத்து மையலினை உருவாக்கும் முயற்சி பெலிசேயஸ்-மெர்ஸ்பாக்கர் நோயுள்ள நான்கு சிறுவர்களிடம் நடந்து, 2012 இல் முடிவு வெளியானது; மையலின் உருவானதற்கான அறிகுறி எம்.ஆர்.ஐ. இல் தெரிந்தது. அது மருத்துவமனையின் கடுமையான கண்காணிப்பில் நடந்த அறுவை சிகிச்சை. கையில் அல்லது முதுகில் ஊசி போட்டு அனுப்புவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று நீங்கலாக, ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 வழிகாட்டுதல் ஏற்பதில்லை. ஆய்வு என்று சொன்னால் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழு ஒப்புதலையும் கேளுங்கள். முறையான ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

பையனுக்கு இப்போது என்ன செய்யலாம்? மிக்லஸ்டாட்டைத் தொடருங்கள். அரிமோக்ளமால், லெவாசெட்டில்லியூசின் இரண்டையும் வரவழைக்க வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் இயங்கும் சிறப்பு மையங்களில் ஒன்றில் பதிந்துவைப்பது, நிதி உதவிக்கும் புதிய ஆய்வுகளில் சேர்வதற்கும் வழிவிடும். அடுத்த எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது டிஃப்யூஷன் டென்சர் முறையையும் சேர்க்கச் சொல்லுங்கள். வெண்பொருளின் கட்டமைப்பைச் சாதாரணப் படத்தைவிட நுணுக்கமாகக் காட்டும், பிற்பாடு எந்த மருந்து வந்தாலும் ஒப்பிட அடிப்படை இருக்கும். நடைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கேட்கும் திறன் சோதனை இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய தங்கை. என் பார்வையில் உங்கள் கேள்வியின் மிக அவசரமான பகுதி அதுதான். பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் என்பதால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பையனின் மரபணுச் சோதனையில் எந்த மாற்றங்கள் என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால், குழந்தையின் ரத்தத்தில் அதே இடங்களை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, முடிவும் விரைவில் வரும். பிறந்தபோது மஞ்சள் காமாலை நெடுநாள் நீடித்ததா, மண்ணீரல் பெரிதாகத் தட்டுப்படுகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனித மூளையில் மையலின் மிக வேகமாக உருவாவது முதல் இரண்டு ஆண்டுகளில். அவளுக்கு நோய் இருந்தால், அறிகுறி தெரியுமுன்பே சிகிச்சையைத் தொடங்குவது பற்றி இப்போதே பேச முடியும். இல்லை என்று வந்தால் உங்கள் அக்காவுக்கு அந்த ஒரு பயமாவது தீரும். இந்த வாரமே மரபியல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.